காந்தள் எக்குடும்பத்தது? சங்க இலக்கியத் தாவர அட்டவணைகள் பற்றிய ஒரு மறுநோக்கு

முன்னுரை

சங்க இலக்கியத் தாவரங்களைப் பொருளாகக் கொண்டு நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை தவறாது இடம்பெறுவதைக் காணலாம். முதல் நிரலில் இலக்கியப் பெயரும், இரண்டாம் நிரலில் அறிவியற் பெயரும், மூன்றாம் நிரலில் தாவரக் குடும்பமும் தரப்பட்டிருக்கும். காந்தள் என்பதற்கு நேரே ‘குளோரியோசா சூப்பர்பா’ எனவும் ‘லிலியேசி’ எனவும் எழுதப்பட்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளர் மதிப்பிட நேர்ந்த ஆய்வேடு ஒன்றில், இவ்வட்டவணையை அடுத்து ஒரு விளக்கமும் இருந்தது. காந்தள் அல்லிக் குடும்பத்தைச் சார்ந்த மலர் என்பதே அவ்விளக்கம். அதனை எழுதிய மாணவர் கெடா மாநிலத் தோட்டப்புறத்தில் பிறந்தவர். காந்தளை நேரிற் கண்டதுண்டா என வினவியபோது படத்தில் மட்டுமே கண்டதாகக் கூறினார். வீட்டில் முதியோர் எவரிடமேனும் கேட்டதுண்டா என்னும் அடுத்த வினா அவருக்கு வியப்பளித்தது. ஆய்வுக்கும் பாட்டிக்கும் தொடர்பிருக்கக்கூடும் என அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

அவ்வொரு வரியில் மூன்று சிக்கல்கள் பொதிந்துள்ளன. முதலாவது, அல்லி என்பது நீர்வாழ் செடி. ‘நிம்ஃபியேசி’ எனப்படும் வேறொரு குடும்பத்தது. ‘லில்லி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் ஓசை ஒப்புமையால் அதனை அல்லியென மொழிபெயர்க்கும் வழக்கம் பாடநூல்களிலும் அகராதிகளிலும் பரவியுள்ளது. இரண்டாவது, இன்றைய தாவரவியலில் காந்தள் லிலியேசிக் குடும்பத்தில் இல்லை. மூன்றாவதே ஆழமானது. ஒரு செடி இன்னதெனக் காண்பதும், கண்ட செடியை ஒரு குடும்பத்துள் அடக்குவதும் வேறு வேறு செயல்கள். முன்னதை இனங்காணல் எனலாம். பின்னதை வகைப்படுத்தல் எனலாம். நம் அட்டவணைகள் வகைப்படுத்தலுக்கு ஒரு நிரலை ஒதுக்கி, இனங்காணலுக்குரிய சான்றுகளுக்கு ஒரு நிரலும் ஒதுக்காது விட்டுவிடுகின்றன. இதன் விளைவுகளைக் காந்தளையும் அதனோடு ஒருங்கு வைக்கப்பட்டிருந்த குமிழ்ச்செடிகளையும் முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பெருங்குடும்பத்தின் பிரிவு

தாவரக் குடும்பம் என்பது மாறாத உண்மை என்னும் எண்ணம் இலக்கிய மாணவரிடையே உண்டு. அது ஒரு கருதுகோள் மட்டுமே என்பதைக் குமிழ்ச்செடிகளின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

லின்னேயசு 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு செடிகளை வகுத்தார். ஆறு மகரந்தத்தாளும் ஒரு சூல்தண்டும் உடையவை ஒரு பிரிவாயின. காந்தளும், வெங்காயமும், மலாய்க்காரர்கள் ‘பாக்கோங்’ என வழங்கும் கடற்கரை வெண்மலர்ச் செடியும் அவ்வொரு பிரிவினுள் அடங்கின. குளோரியோசா சூப்பர்பா, அல்லியம் சீப்பா, கிரைனம் ஏசியாட்டிகம் என்னும் அவற்றின் அறிவியற் பெயர்கள் மூன்றும் அந்நூலில் தோன்றியவையே. இவை இன்றளவும் மாறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இச்செடிகளின் குடும்பமோ ஓரிடத்தில் நிற்கவில்லை. 1789இல் லிலியேசி என்னும் குடும்பமும், 1805இல் அமரில்லிடேசி என்னும் குடும்பமும் பெயர் பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூற்பையின் நிலையே இவ்விரண்டையும் பிரிக்கும் எல்லையாகக் கொள்ளப்பட்டது. இதழ்கள் பொருந்துமிடத்திற்கு மேலே சூற்பை அமைந்தவை லிலியேசி. கீழே அமைந்தவை அமரில்லிடேசி. 1862 முதல் 1883 வரை வெளிவந்த பெந்தாம், ஹூக்கர் ஆகியோரின் நூல் இம்முறையை நிலைநிறுத்தியது. இதன்படி காந்தளும் வெங்காயமும் லிலியேசியில் நின்றன. பாக்கோங் அமரில்லிடேசிக்குச் சென்றது. ஹூக்கர் 1872க்கும் 1897க்கும் இடையே வெளியிட்ட பிரித்தானிய இந்தியத் தாவர நூலும், 1915இல் கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலும் இம்முறையைப் பின்பற்றியவை. தமிழ் நூல்களில் காணும் ‘லிலியேசி’ இவ்வழியாக வந்து சேர்ந்ததே.

மலாயாவிலும் இதே நிலைதான். தீபகற்பத்தின் தாவரங்களை ஐந்து தொகுதிகளில் 1922 முதல் 1925 வரை தொகுத்து வெளியிட்டவர் ஹென்றி நிக்கோலசு ரிட்லி. 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற அவர், ரப்பர் மரத்தைப் பட்டுப்போகாமல் பால் வெட்டும் முறையை ஆராய்ந்து, அப்பயிரை நடுமாறு தோட்டக்காரர்களை இடைவிடாது வற்புறுத்தியவர். கெடா 1909இல் பிரித்தானியரின் பாதுகாப்பின்கீழ் வந்தபின் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் அங்கு வரக் காரணமான பயிரைப் பரப்பியவரே அத்தோட்டங்களின் வடிகாலோரச் செடிகளையும் குடும்பவாரியாக எழுதிவைத்தார் என்பது நினைக்கத்தக்கது.

ஆயினும், சூற்பையின் எல்லை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1934இல் ஹட்சின்சன் என்பார் சூற்பையைவிடப் பூங்கொத்தின் அமைப்பே முதன்மையானது என வாதிட்டார். வெங்காயத்தின் பூக்கள் குடைபோல் ஒரே முனையிலிருந்து விரிவதால் அதனை அமரில்லிடேசிக்கு மாற்றினார். 1981இல் கிரான்கிசுட்டு இதற்கு மாறாக இரு குடும்பங்களையும் ஒன்றாக்கி லிலியேசி என்னும் பெரும்பரப்பினுள் அடக்கினார். 1985இல் டால்கிரனும் அவருடன் இணைந்தோரும் அப்பரப்பைப் பல சிறு குடும்பங்களாகப் பிரித்தனர். மரபணுச் சான்றுகளை அடிப்படையாகக் கொண்ட பூக்குந்தாவர இனவரலாற்றுக் குழுவின் வகைப்பாடு 1998இல் வெளிவந்தது. 2003, 2009, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வெங்காயமும் பூண்டும் பாக்கோங்கும் அமரில்லிடேசி என்னும் ஒரே குடும்பத்தின் இரு துணைக்குடும்பங்களில் உள்ளன. காந்தளோ கோல்ச்சிகேசி என்னும் வேறொரு குடும்பத்தில் உள்ளது. தண்ணீர்விட்டான்கிழங்கும் நரிவெங்காயமும் அசுபராகேசிக்குச் சென்றன. கற்றாழை அசுபோடெலேசியில் வைக்கப்பட்டது. பழைய பெருங்குடும்பத்தின் பெயருக்குரிய உண்மையான லில்லி, தென்னிந்தியாவில் நீலகிரி முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைகளின் உயர்நிலங்களில் பூக்கும் வெண்மலராக எஞ்சி நிற்கிறது.

இருநூற்றைம்பது ஆண்டுகளில் காந்தளின் குடும்பம் பலமுறை மாறியிருக்க, காந்தள் மாறவில்லை. ஆதலின், ‘லிலியேசி’ என எழுதிய மாணவரைக் குறைகூறி, அதனை அடித்து ‘கோல்ச்சிகேசி’ எனத் திருத்திவிடுவதால் மட்டும் நம் கடமை முடிந்துவிடாது. இன்றைய பெயரும் நாளை மாறலாம். எந்த ஆண்டின் எந்த முறைப்படி இக்குடும்பம் சொல்லப்படுகிறது என்னும் குறிப்பின்றித் தரப்படும் மூன்றாம் நிரல் முழுமையற்றது.

முன்னோடி நூல்களின் சிறப்பும் எல்லையும்

இத்துறையில் தமிழில் இரு நூல்கள் அடிப்படையானவை. பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ 1967இல் வெளிவந்தது. கு. சீநிவாசனின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. சங்கப் புலவர் கூறும் நிறம், பருவம், நிலம், உவமை ஆகியவற்றைத் தாவரவியல் விளக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நெறியைத் தமிழாய்வுக்கு வழங்கியவை இவை. இந்நூல்கள் இல்லையேல் நாம் இன்னும் நிகண்டுகளை மட்டுமே நம்பியிருப்போம்.

குறை நூல்களில் இல்லை. அவற்றை நாம் பயன்படுத்தும் முறையில் உள்ளது. வாதமாக எழுதப்பட்டதை நாம் முடிவாக எடுத்துக்கொள்கிறோம். ஓர் இலக்கியப் பெயருக்கு ஒரு சிற்றினம் என்னும் முடிபு எத்துணை உறுதியானது, எதனால் உறுதியானது என்னும் செய்திகள் அட்டவணைக்குள் வரும்போது மறைந்துவிடுகின்றன. காந்தளின் உறவினவாகச் சொல்லப்படும் தோன்றி, கோடல் என்னும் பெயர்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

கபிலர் பாடியதாகக் கொள்ளப்படும் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்கள் தொகுக்கப்பட்டுள்ளன என்பர். அத்தொகுப்பு செங்காந்தளில் தொடங்குகிறது. அதே தொகுப்பில் தோன்றியும் கோடலும் தனித்தனியே இடம்பெறுகின்றன. பிற்கால நிகண்டு மரபோ தோன்றியைச் செங்காந்தள் எனவும் கோடலை வெண்காந்தள் எனவும் கொள்ளும். நிகண்டின்படி மூன்றும் ஒரே செடியின் வகைகள் என்றால், பாட்டில் ஒரே மலர் மீண்டும் எண்ணப்பட்டதாகும். பாட்டின்படி மூன்றும் வேறு என்றால், நிகண்டு தவறியதாகும். காந்தள் குறிஞ்சி நிலத்தோடும், மற்ற இரண்டும் பெரும்பாலும் கார்காலத்து முல்லை நிலத்தோடும் சார்த்திப் பாடப்படுவதும் இச்சிக்கலைக் கூட்டுகிறது.

இங்குச் செடியை நேரிற் கண்டவர்க்கு ஒரு செய்தி உதவும். குளோரியோசா மலர் விரியும்போது இளம்பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாள் செல்லச் செல்ல அடிவரை சிவக்கும் இயல்பினது. ஒரே கொடியில் ஒரே வேளையில் மஞ்சள் மலரும் சிவந்த மலரும் காணப்படும். நிறத்தை மட்டும் கொண்டு இரு செடிகள் எனப் பிரிப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இது போதிய காரணமாகும். ஆயின், ‘வெண்மை’ இதனுள் அடங்குமா என்பது தனிவினா. கோடலுக்கு நேரே காந்தளின் அறிவியற் பெயரை ஐயமின்றி எழுதிவிடுவது இவ்வினாவை மூடிவிடுகிறது.

தோன்றிக்கு வேறொரு சான்று உண்டு. அஃது ஏட்டில் இல்லை. மக்கள் வழக்கில் உள்ளது. மலையாளத்தில் குளோரியோசாவுக்கு இன்றும் வழங்கும் பெயர் ‘மேந்தோன்னி’ என்பதாகும். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்சுட்டர்டாமில் வெளிவந்த வான் ரீடின் மலபார்த் தாவர நூலில் இச்செடி ‘மெந்தோனி’ எனப் படத்துடன் பதிவாகியுள்ளது. தோன்றி என்னும் பழம்பெயர் ஒரு குறிப்பிட்ட செடியோடு பிணைந்து அண்டை மொழியில் வாழ்ந்துவருகிறது என்பது, நிகண்டுக் கூற்றைக்காட்டிலும் வலிய சான்று. அது தோன்றி பற்றிய ஐயம் அனைத்தையும் போக்கிவிடும் எனக் கூறவியலாது. பெயர்கள் செடிவிட்டுச் செடி தாவக்கூடியவை. எனினும், அட்டவணையில் ஒரு நிரல் பெறும் தகுதி இத்தகைய சான்றுக்கு உண்டு.

பெயர் தாவுவதற்குக் கெடா நகரங்களின் பூக்கடைகளே சான்றாகும். அங்கு மாலைகளில் தொடுக்கப்படும் வெண்ணிறச் சம்பங்கி ஒரு குமிழ்ச்செடியின் மலர். இரவில் மணம் மிகுவது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டது; ஆகவே ஐரோப்பியர் அமெரிக்காவை அடைந்த பின்னரே கீழைநாடுகளுக்கு வந்திருக்கவியலும். குறிஞ்சிப்பாட்டு கூறும் சண்பகமோ மரத்தில் பூப்பது. பெயரொலி நெருக்கத்தால் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகளும் உண்டு. சம்பங்கியின் குடும்பம் அமரில்லிடேசி என்றிருந்து, அகாவேசி என்றாகி, இன்று அசுபராகேசியாகியுள்ளது. அதன் பேரினப் பெயரும் அண்மைக்காலத்தில் மாற்றப்பட்டுவிட்டது. இம்மாற்றங்களை அறியாதவர்க்குப் பெரிய இழப்பில்லை. அது மெக்சிகோவிலிருந்து வந்தது என அறியாதவர் சங்கப் பாடலையே தவறாகப் படிப்பார்.

மரபியல் வகைப்பாடு பற்றிய ஒரு கருத்து

குடும்ப நிரலின்மீது நமக்குள்ள ஈர்ப்பிற்கு மற்றொரு காரணமும் உண்டு. அறிவியல் வகைப்பாட்டைத் தமிழர் முன்னரே கண்டிருந்தனர் என நிறுவும் விழைவே அது. இதற்குத் தொல்காப்பிய மரபியல் எடுத்துக்காட்டப்படும். புறத்தே வயிரமுடையவற்றைப் புல் எனவும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் எனவும் மரபியல் பிரிக்கிறது. இது ஒருவித்திலை, இருவித்திலை என்னும் பிரிவுக்கு நிகரானது என்பர் பலர்.

பனை, தென்னை, மூங்கில் ஆகியவற்றுக்கு இக்கூற்று பொருந்துகிறது. அவற்றைக் கூர்ந்து நோக்கியே இப்பிரிவு அமைந்திருத்தல் கூடும். அந்நோக்கின் நுட்பம் போற்றத்தக்கது. ஆனால் காந்தளை இதில் எங்கு வைப்பது? அதன் தண்டில் அகத்தும் வயிரமில்லை, புறத்தும் வயிரமில்லை. ஒருவித்திலைத் தாவரமாகிய அது, நிகர் எனக் கூறுவோர் கருத்துப்படி ‘புல்’ ஆதல் வேண்டும். மரபியலோ புல்லுக்குரிய உறுப்புப் பெயர்கள், மரத்துக்குரிய உறுப்புப் பெயர்கள் எனப் பிரித்துக் கூறுகையில், பூ என்னும் பெயரை மரத்தின் பக்கத்தில் வைக்கிறது. மண்ணுள் கிழங்கோ குமிழோ கொண்டு, ஆண்டுதோறும் மேற்பகுதி மடிந்து மீண்டும் முளைக்கும் செடிகளுக்கெனத் தனிப்பிரிவு அங்கு இல்லை.

இதனைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை. மரபியல் சொல்லாட்சியின் மரபை வரையறுக்கும் பகுதி. எதனை இலை என்பது, எதனை ஓலை என்பது என்னும் வினாவிற்கே அது விடை கூறுகிறது. அதனைத் தாவரவியல் நூலாக்க முற்படுவோர் அதன் உண்மையான நோக்கத்தையே மறைத்துவிடுகின்றனர். வெறியாட்டோடு தொடர்புபடுத்திக் ‘காந்தள்’ என ஒரு துறைக்கே தொல்காப்பியர் பெயரிட்டதும், திருமுருகாற்றுப்படை அம்மலரை முருகனுக்குச் சூட்டியதும் எவ்வகைத் தாவரக் குடும்பத்தாலும் விளக்கப்படுவன அல்ல. திணை வகைப்பாடு நிலத்தையும் பொழுதையும் உள்ளத்தையும் இணைப்பது. மரபணு வகைப்பாடு பிறப்பு வழியைத் தேடுவது. ஒன்றன் பெருமைக்கு மற்றொன்றின் சான்றிதழ் தேவையில்லை.

கெடாவில் வழங்கிய பெயர்கள்

இலக்கியப் பெயருக்கும் அறிவியற் பெயருக்கும் இடையே நிற்பவை மக்கள் வழங்கும் பெயர்கள். இவற்றைத் தேடித் தமிழகத்துக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. கெடாவின் தோட்டப்புறங்களில் தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். அருகில் மலாய்க் கம்பம் இருந்தது. ஒரு செடிக்கு நான்கு மொழிப் பெயர்கள் ஒரே வடிகாலோரத்தில் ஒலித்த சூழல் அது.

வெங்காயத்தையும் பூண்டையும் எடுத்துக்கொள்வோம். இன்றைய தமிழில் இவ்விரு சொற்களுக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் இல்லை. மலாய் மொழியிலோ இரண்டும் ‘பாவாங்’ ஆகும். சிறிய வெங்காயம் பாவாங் மேரா. பெரிய வெங்காயம் பாவாங் பெசார். பூண்டு பாவாங் பூத்தே. பொதுப்பெயர் முன்னும் சிறப்புப்பெயர் பின்னுமாக அமைந்த இவ்வழக்கு லின்னேயசின் ஈரியற்பெயர் முறையைப் போன்றதே. கடைக்குச் சென்று பாவாங் மேராவும் பாவாங் பூத்தேயும் கேட்டு வாங்கிய தோட்டத்துப் பெண், அல்லியம் என்னும் பேரினத்தைத் தம்மையறியாமலே பெயரிட்டழைத்தார் எனலாம்.

திராவிட மொழிகளிலும் இத்தகைய பொதுப்பெயர் உண்டு. தெலுங்கில் வெங்காயம் உல்லி, பூண்டு வெல்லுல்லி. கன்னடத்தில் ஈருள்ளி, பெள்ளுள்ளி. மலையாளத்தில் உள்ளி, வெளுத்துள்ளி. தமிழிலும் உள்ளி, வெள்ளுள்ளி, ஈரவுள்ளி என்னும் வடிவங்கள் அகராதியிலும் மருத்துவ நூல்களிலும் உள்ளன. யாழ்ப்பாணத் தமிழில் உள்ளி என்பது இன்றும் பூண்டைக் குறிக்கும். வெங்காயம் என்னும் சொல் பரவியபோது தமிழகத் தமிழ் தன் பொதுப்பெயரை இழந்தது. தோட்டத்தில் மலையாளி அண்டைவீட்டார் வாயில் அது தொடர்ந்து ஒலித்தது. மக்கள் வழங்கும் செடிப்பெயர்கள் அறிவியலின் பேரினங்களோடு பெரும்பாலும் ஒத்துச் செல்லும் எனப் பிரெண்ட் பெர்லின் 1992ஆம் ஆண்டு நூலில் விரிவாக வாதிட்டுள்ளார். குடும்பங்கள் மாறிக்கொண்டிருக்க, உள்ளியும் பாவாங்கும் அல்லியமும் ஒரே எல்லையைக் காத்து நின்றிருப்பது அவர் கருத்துக்கு அரண் செய்வதாகும்.

காந்தளுக்கு மலாய்ப் பெயர் ‘கெம்பாங் சுங்சாங்’ என்பது. சுங்சாங் என்பதற்குத் தலைகீழ் எனப் பொருள். மலர் கீழ்நோக்கித் தொங்க, இதழ்கள் ஆறும் மேல்நோக்கி மடிந்து நிற்கும் நிலையை அப்பெயர் குறிக்கிறது. சங்கப் புலவர் அதே மலரில் மகளிர் விரலையும் பாம்பின் படத்தையும் கண்டனர். உழவர் அதன் வளைந்த கிழங்கைக் கண்டு கலப்பைக்கிழங்கு என்றனர். ஒவ்வொரு பெயரும் செடியின் ஒவ்வோர் உறுப்பைச் சுட்டுவதால், பெயர்களை ஒருங்கு வைக்கும்போது அவையே இனங்காண உதவும் விளக்கமாக அமைகின்றன.

நஞ்சும் பெயரும்

இக்கட்டுரையாளர் சிறுவனாக இருந்தபோது லயத்துக்குப் பின்னுள்ள வடிகாலருகே, நீண்ட தடித்த இலைகளும் வெண்ணிற மலர்க்கொத்தும் உடைய ஒரு செடி நின்றது. பாட்டி அதனை ‘விசமூங்கி’ என்றார். “கெழங்க நோண்டாத ஐயா, வாயில பட்டா கொடலே வெளிய வந்துரும்” என்பது அவர் எச்சரிக்கை. மலாய் நண்பர் வீட்டில் அதே செடி பாக்கோங் ஆயிற்று. அதன் இலையை அனலில் வாட்டி வீக்கத்தின்மேல் கட்டினர். பல ஆண்டுகள் கழித்து, முனைவர் பட்ட ஆய்வுக்காக மேலைநாட்டில் தங்கியிருந்தபோது, ஒரு தாவரப் பூங்காவின் கண்ணாடி மனையில் அதே செடியைக் காண நேர்ந்தது. கிரைனம் ஏசியாட்டிகம், அமரில்லிடேசி என அதன்முன் பலகை நடப்பட்டிருந்தது. நஞ்சு என்னும் செய்தி அப்பலகையில் இல்லை. பாட்டி சொன்ன பெயரிலேயே அது இருந்தது.

விஷமூங்கில் என்னும் அப்பெயர் அகராதியில் ஏறிய தமிழ்ப் பெயரே. அதன் குமிழில் லைக்கோரின் என்னும் வாந்தியூட்டும் நச்சுப்பொருள் உண்டு. பாட்டியின் எச்சரிக்கை மிகையன்று. காந்தள் கிழங்கின் நஞ்சு வேறுவகையினது, உயிரைக் குடிப்பது. கோல்ச்சிசின் எனப்படும் அப்பொருளைப் பெறுதற்பொருட்டே தமிழகத்தில் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் காந்தள் பயிரிடப்பட்டு, அதன் விதைகள் ஏற்றுமதியாகின்றன. அதன் கிழங்கை உண்ணத்தக்க கிழங்கெனத் தவறாகக் கருதி உண்டு இறந்தோர் பற்றிய செய்திகள் இந்திய, இலங்கை மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இவ்விடத்தில் புதிய வகைப்பாடு மெய்யான பயனொன்றைத் தருகிறது. கோல்ச்சிசின் வகை நச்சுப்பொருள்கள் கோல்ச்சிகேசிக் குடும்பத்துக்கே சிறப்பாக உரியவை. லைக்கோரின் வகையின அமரில்லிடேசியில் பாக்கோங் அடங்கும் துணைக்குடும்பத்துக்கு உரியவை. வெங்காயத்தின் நெடியோ கந்தகச் சேர்மங்களால் ஆனது. மூன்றையும் ‘லில்லிகள்’ என ஒருங்கு கூறியபோது மறைந்திருந்த வேறுபாடு இப்போது வெளிப்படுகிறது.

ஆகவே, வகைப்பாடு பயனற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. காந்தளை அல்லிக் குடும்பம் என எழுதுவது வெறும் எழுத்துப் பிழையுமன்று. அல்லிக்கிழங்கை உண்போர் உளர். காந்தள் கிழங்கை உண்டார் பிழைப்பதரிது. பெயர்களைப் பொறுப்பின்றிக் கையாளும் ஆய்வேடு, அதனைப் படிப்போரை எங்கு இட்டுச் செல்லும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சங்க இலக்கியத் தாவர அட்டவணையின் மூன்று நிரல்களும் சமமான மதிப்புடையன அல்ல என்பது புலனாகும். மூன்றாம் நிரலாகிய குடும்பம் எவரும் எந்நேரமும் தேடிப் பெறக்கூடியது. கியூ தாவரப் பூங்கா 2017இல் தொடங்கிய இணையத் தரவகத்தில் சில நொடிகளில் அன்றைய முடிபு கிடைக்கும். அது மாறினால் அங்கேயே திருத்தப்படும். இரண்டாம் நிரலாகிய சிற்றினம் வாதத்தால் நிறுவப்பட வேண்டியது. அவ்வாதத்திற்கு வேண்டிய சான்று, நம் அட்டவணைகளில் இல்லாத நான்காம் நிரலில் உள்ளது. எச்செடியை, எவ்வூரில், எம்மொழியினர், எப்பெயரால், என்ன காரணம் கூறி அழைத்தனர் என்பதே அந்நிரல்.

கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களில் வாழ்ந்தோர் சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் முதலிய இடங்களின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். அங்குச் சாலையோரங்களில் அழகுக்காக நடப்பட்டுள்ள அமெரிக்க வெண்மலர்ச் செடிகளைப் பிள்ளைகள் ‘லில்லி’ என்கின்றனர். அவர்களைக் குறைகூற இயலாது. அவர்களுக்குக் கிடைத்த ஒரே பெயர் அதுதான். விஷமூங்கிலையும் உள்ளியையும் மேந்தோன்னியையும் சொல்லக் கேட்டவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்களாக அவ்வீடுகளின் முன்கூடங்களில் அமர்ந்திருக்கின்றனர்.

காந்தளின் அடுத்த குடும்பப் பெயரைத் தாவரவியலார் நமக்குச் சொல்லிவிடுவர். அதற்காக நாம் கவலைப்பட வேண்டியதில்லை. நம் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் ஆய்வேடுகள் ஒவ்வொன்றும் அத்தகைய முதியோர் ஒருவரிடமிருந்தேனும் பத்துச் செடிப்பெயர்களைப் பதிவு செய்யுமாயின், சங்க இலக்கிய ஆய்வுக்கு மலேசியத் தமிழர் அளிக்கக்கூடிய, வேறெவரும் அளிக்கவியலாத பங்களிப்பாக அது அமையும். தொடக்கத்தில் குறிப்பிட்ட மாணவரின் ஆய்வேடு திருத்தத்திற்காகத் திருப்பியனுப்பப்பட்டது. மறுபடியும் அது வந்தபோது ‘லிலியேசி’ என்னும் சொல் ‘கோல்ச்சிகேசி’ என மாற்றப்பட்டிருந்தது, வேறு மாற்றமில்லை. அத்திருத்தத்தை ஏற்றுக் கையொப்பமிட்டவர் இக்கட்டுரையாளரே. பாட்டியிடம் கேட்டுவருமாறு எழுத்தில் அறிவுறுத்தாத பிழை மாணவருடையதன்று.